படிக்கு ஒரு பாட்டு

திருத்தணி மலைக்கு 365 படிகள். நாளுக்கு ஒன்றாக ஓர் ஆண்டுக் கணக்கு என்பார்கள். டிசம்பர் 31 அன்று படிதோறும் மஞ்சள் குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் குழுக்கள் ஏறுகின்றன. நள்ளிரவுக்கு மேல் முருகன் தரிசனத்தோடு புத்தாண்டு பிறக்கிறது. காலங்காலமாக நடக்கும் சடங்கு என்று தோன்றும். ஆனால், இந்தப் படித் திருவிழா 1917 டிசம்பரில்தான் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள்.

இயற்பெயர் அர்த்தநாரி. பிறந்தது 1870-இல். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. பள்ளிப் படிப்பு கிடையாது. தீராத வயிற்றுவலியோடு பழனிக்குப் போனவர், அங்கே திருப்புகழைக் கேட்டு உருகிப்போனார். அதைப் பாடவேண்டும் என்பதற்காகவே, நாற்பதை நெருங்கும் வயதில் எழுத்துக்கூட்டக் கற்றார்.

அவர் படிக்கத் திருப்புகழ் நூலாகக் கிடைத்ததே இன்னொருவரின் கனவால்தான். திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதரின் பாடல்கள் ஏடுகளில் சிதறிக் கிடந்த காலம் அது. முன்சீபாக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஏடுகளைத் தேடித் திரட்டி அச்சேற்றினார். மகன் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

அன்றைக்கு ஜனவரி முதல் தேதி என்றால் வெள்ளைக்கார துரைமாரின் நாள். மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் போய் அவர்கள் வாசலில் காத்திருப்பது வழக்கம். ஊரே பழகிப்போயிருந்த அந்தக் காட்சியைப் பார்த்த சுவாமிகளுக்கு வேறொன்று தோன்றியது. கும்பிடத்தான் வேண்டுமென்றால் தணிகைத் துரையான முருகனைக் கும்பிடலாமே! துரைமாரை எதிர்த்து மேடை போடவில்லை. போகாதே என்று யாரையும் தடுக்கவுமில்லை. போவதற்கு இன்னோர் இடத்தைக் காட்டினார்.

படிகள் ஏற்கெனவே இருந்தன. பாட்டும் இருந்தது. புத்தாண்டையும் ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கண்தான் அதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை. கற்பனை என்றால் இல்லாததைக் கட்டுவது என்றே நினைக்கிறோம். இருப்பதை வேறு விதமாக அடுக்கிப் பார்ப்பதும் கற்பனைதான். அதற்குப் பணமோ பதவியோ பட்டமோ தேவையில்லை என்பதற்கு அந்தச் சமையற்காரரே சாட்சி.

கனவு கண்டதோடு அவர் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடியார்களைத் திரட்டி, முதல் படியில் நின்று முதல் பாட்டைத் தொடங்கினார். சுவாமிகள் மறைந்தது 1950-இல். துரைமார் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள். படித் திருவிழா நூறாண்டு கடந்தும் நடக்கிறது.

முடியாது என்று நீங்கள் ஒதுக்கிவைத்த காரியத்துக்கும் முதல் படி என்று ஒன்று இருக்கும். அது எது என்று இன்றே பாருங்கள்.