பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் முன்...

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரை ஊர்களில் படித்துவிட்டு, என்னைப் போல் வெளியூரில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். நாலு பேர் கூடினால், "படித்த பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தரலாமே" என்ற பேச்சு வந்துவிடும். நல்ல எண்ணம்தான். பணம் திரட்டும் முன், தமிழக அரசு 1999-ல் செய்ததைப் பார்த்துவிடுவோம்.

அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி கொண்டுவர அப்போது தனியார் நிறுவனங்களிடம் டெண்டர் கோரப்பட்டது. என்.ஐ.ஐ.டி. நிறுவனத்துக்கு மட்டும் 371 பள்ளிகள் கிடைத்தன. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. பள்ளி தர வேண்டியது அறை. கம்ப்யூட்டர், சாப்ட்வேர், ஆசிரியர், பராமரிப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. வகுப்பு முடிந்தபின் அதே அறையில் வெளியாட்களுக்குக் கட்டணப் பயிற்சி நடத்தியும் கம்பெனி சம்பாதிக்கலாம். இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. மிஷின் படுத்துவிட்டால் மாணவனோடு கம்பெனிக்கும் நஷ்டம். ரிப்பேர் செய்ய யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால், பழைய கம்ப்யூட்டரை ஐந்து வருடத்தில் மாற்றிவிடலாம், ஆசிரியரை? ஒப்பந்தத்தில் வந்த கம்ப்யூட்டர் ஆசிரியர்களின் பணிப் பிரச்னை பல ஆண்டுகள் கோர்ட்டில் இழுபட்டது. பாடம் நடத்தியவர்களுக்கே நாளை வேலை உண்டா என்று தெரியாத நிலை.

2011-ல் மேல்நிலை மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தது. 2018 முதல் புதிய பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2014-ல் அமலான கம்பெனிச் சட்டப் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2022 டிசம்பரில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் தொடங்கப்பட்டு, முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவ வழி பிறந்தது. ஆக, பணம் வர வழி இருக்கிறது. அடுத்த வருடமும் மிஷின் ஓடுமா என்பதே கேள்வி.

எனவே பத்துக்குப் பதில் ஆறு கம்ப்யூட்டர் வாங்குங்கள். மீதிப் பணத்தை மூன்று வருடப் பராமரிப்புக்கும், யு.பி.எஸ். பேட்டரிக்கும், முறையான எர்த்திங்குக்கும் ஒதுக்குங்கள். ஐப்பசி இடி மின்னலில் ஒரே ராத்திரியில் மதர்போர்டு போய்விடும்! பழைய பென்டியம் மிஷின்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நல்ல சர்வர் ஒன்றை வைத்து, லினக்ஸில் எல்.டி.எஸ்.பி. மூலம் அவற்றை இணைத்துப் பாருங்கள். டைப்பிங், புரோகிராமிங் பயிற்சிக்குத் தாராளம்.

அறைச் சாவி யாரிடம், ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். பேட்டரி மாட்டிய தேதியையும் அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.