கண்டனச் சான்றிதழ் கேட்கும் அண்டை வீட்டார்

ஹிஞ்ஜவாடி கம்ப்யூட்டர் நிறுவனங்களின் தயவில் வயல்வெளியிலிருந்து அடுக்குமாடிகளாக உருமாறிய புனே புறநகர் வாகட். கோவைக்காரரும் லக்னோக்காரரும் ஒரே லிஃப்டில் இறங்கும் இடம். 2010 பிப்ரவரி 13 அன்று இதே நகரின் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். இத்தகைய ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் முஸ்லிம்களை நோக்கி அதே கேள்வி பாய்கிறது: "நீங்கள் ஏன் வாய் திறந்து கண்டிக்கவில்லை?"

கண்டித்தவர்கள் உண்டு, காதில் வாங்கியவர்கள்தான் குறைவு. 2008 பிப்ரவரியில் தேவ்பந்த் தாருல் உலூம் கூட்டிய மாநாடு, பயங்கரவாதம் இஸ்லாமுக்கு விரோதமானது என்று அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதலில் 166 பேர் பலியானபோது நடந்தது இன்னும் அழுத்தமானது. சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளுக்கும் மெரீன் லைன்ஸ் படா கப்ரஸ்தானில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது ஜாமா மசூதி அறக்கட்டளை. அப்பாவிகளைக் கொன்றவர்கள் முஸ்லிம்களே அல்ல என்பது அதன் வாதம். சடலங்கள் ஓராண்டுக்கும் மேல் ஜே.ஜே. மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசு ரகசியமாகப் புதைத்தது. உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல் அதை வெளியே சொன்னது ஏப்ரலில்தான். அறக்கட்டளையை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. அதனாலேயே அந்த மறுப்புக்கு மதிப்பு.

சமூகத்தின் பெயரால் பேசுகிற, ஓட்டுக் கேட்கிற தலைவர்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். தீவிரவாதிக்கு மேடை போட்டுக் கொடுத்தவர்கள் இன்னும் கூடுதலாக. மாதச் சம்பளக்காரரான மூன்றாவது மாடிக்காரர் எதற்கு? அவரிடம் கேட்கப்படுவது கருத்தல்ல, நன்னடத்தைச் சான்றிதழ்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு, புலிகளிடமிருந்தே தப்பி வந்தவர்கள் உட்பட, முகாம்களுக்கு வெளியே வசித்த இலங்கைத் தமிழர்கள் காவல் நிலையங்களில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

மகாராஷ்டிரத்துக்கும் பழைய அனுபவம் உண்டு. 1948இல் காந்தியைச் சுட்ட கோட்சே புனே பிராமணர் என்பதற்காக, மாநிலத்தின் பல ஊர்களில் பிராமணர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கோலாப்பூரில் பால்ஜி பெண்டார்கரின் சினிமா ஸ்டூடியோவும் தப்பவில்லை. தீ வைத்தவர்கள் யாரும், உள்ளே இருப்பவர் கொலையைக் கண்டித்தாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடையின்போது நரேந்திர தாபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டதும் புனேயில்தான். இந்துத் தீவிரவாதிகள் என்று சிபிஐ குற்றம் சாட்டிய ஐவரில் இருவருக்கு 2024 மே மாதம் ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலை. அப்போது வாகட் லிஃப்டுகளில் இந்துக்களிடம் யாரும் கண்டன அறிக்கை கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருக்கவும் கூடாது.