நான்கு அணுவுக்கு ஒரு மணி: கணினியில் உருவாகும் செல் சவ்வு

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு அடுக்காக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகள், அவற்றினூடே செருகி நிற்கும் புரதங்கள், எல்லாமே ஓயாமல் நெளிந்து நகர்கின்றன. நாம் சாப்பிடும் மருந்துகளில் பெரும்பங்கு இந்தச் சவ்வுப் புரதங்களைக் குறிவைத்தே வேலை செய்கிறது. ஆனால் அந்த அசைவை அணு அணுவாகப் பின்தொடர எந்த நுண்ணோக்கியாலும் முடியாது. அதனால்தான் கணினியை நாடினார்கள்.

முறை எளிமையானது, செலவுதான் மலைக்க வைக்கும். ஒவ்வொரு அணுவின் மீதும் எவ்வளவு விசை என்று கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அதைச் சற்றே நகர்த்த வேண்டும். ஒரு நகர்வு 2 ஃபெம்டோ வினாடி. ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் பார்க்கவே இப்படி 50 கோடி முறை கணக்குப் போட வேண்டும். சவ்வில் கொழுப்புகள் இடம் மாறிக் கூடவும் பிரியவும் அந்த நேரம்கூடப் போதாது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் சீவெர்ட்-யான் மாரிங்கும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஹைட்ரஜனைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் நான்கு அணுக்களை ஒரே மணியாகக் கருதுவது. நுரையீரல் காற்றறைகளின் உட்புறம் படர்ந்திருக்கும் டிபிபிசி என்ற கொழுப்பில் 130 அணுக்கள் உண்டு. இந்த மாதிரியில் அது 12 மணி. நகர்வையும் 20 ஃபெம்டோ வினாடிக்கு மேல் நீட்டலாம். 2004இல் கொழுப்புகளுக்காக வெளிவந்த இம்மாதிரி, 2007இல் 'மார்ட்டினி' என்ற பெயர் பெற்றது. அவ்வூரின் புகழ்பெற்ற மார்ட்டினி கோபுரம் தந்த பெயர் அது.

சுருக்கியதற்கு விலையும் உண்டு. நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு மணியானதும், கணினிக்குள் நீர் அறை வெப்பநிலைக்கு அருகிலேயே உறைந்துபோனது! அதைத் தடுக்கச் சற்றுப் பெரிய மணிகளை நீரில் கலந்தார்கள். புரதங்களோ அளவுக்கு மீறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைப் பெருமளவு சரிசெய்தது. புரதம் தானே மடிந்து உருப்பெறுவதை மட்டும் மார்ட்டினியில் பார்க்க முடியாது. சுருள் போன்ற அமைப்புகளை நாமே முன்கூட்டி நிலைநிறுத்த வேண்டும்.

இக்குறைகளோடும் அது காட்டியவை அபாரம். 2014இல் 63 வகைக் கொழுப்புகள், மொத்தம் சுமார் 20,000 மூலக்கூறுகள் கொண்ட ஒரு செல் சவ்வைக் கணினியில் ஓடவிட்டார்கள். வெளியடுக்கில் கேங்கிலியோசைடு என்ற சர்க்கரைக் கொழுப்புகள் தாமாகவே சிறு கூட்டங்களாகத் திரண்டன. அவை திரள வேண்டிய இடத்தை எவரும் குறித்துக் கொடுக்கவில்லை என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2023இல் மாரிங்க் குழுவினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் 493 மரபணுக்களே கொண்ட ஒரு செயற்கை பாக்டீரியாவின் முழு மாதிரியை வெளியிட்டார்கள். 56 கோடி மணிகள், அதாவது ஹைட்ரஜனையும் சேர்த்து 600 கோடிக்கு மேற்பட்ட அணுக்கள்.

மார்ட்டினியின் அளவுருக்களும், அதை ஓட்டும் குரோமாக்ஸ் மென்பொருளும் இலவசம். அந்த மென்பொருளும் 1990களில் குரோனிங்கனில் பிறந்ததுதான். நல்ல மேசைக் கணினி இருந்தால் சிறு சவ்வு ஒன்றை இன்றே உருவாக்கிப் பார்க்கலாம். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் முயன்று பாருங்கள்.