பேஸ் கிட்டார் ‘கிர்ர்’னு இரையுதா? ஆம்ப்பைத் திட்டாதீங்க!
கடலூரில் ரிகர்சல், சிதம்பரத்தில் காலேஜ் கல்ச்சுரல்ஸ். மேடையில் கம்பி ஃபிரெட்டில் உரசி இரைந்தால், முதலில் நெக்கைப் பாருங்க. கடலோர ஈரப்பதம் மரத்தின் வளைவை மாற்றிவிடும். மழைக்காலத்தில் இன்னும் கவனம் தேவை.

சோதிப்பது எப்படி? ட்யூன் செய்துவிட்டு, தடித்த ‘ஈ’ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்துங்க. ஏழாவது ஃபிரெட் அருகே விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.3 மி.மீ., இருந்தால் போதும். இடைவெளியே இல்லைன்னா, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்தணும், அதிகம்னா இறுக்கணும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

‘ஈ’ கம்பியின் சுரம் வெறும் 41 ஹெர்ட்ஸ். திறந்தவெளியில் சின்ன ஆம்ப்பால் அதைக் கொண்டுசேர்க்க முடியாது. டிஐ பாக்ஸ் வழியா மிக்ஸருக்குக் கொடுத்துடுங்க. வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துடைக்க மறக்காதீங்க. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சீக்கிரமே துருப்பிடிக்கும்.