ஆறு மாசக் காசு இருக்கு, வேலையை விடலாமா?

வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். கேட்டவர் கடியப்பட்டணத்துக்காரர். கன்னியாகுமரி மாவட்டத்துல முட்டம் பக்கத்துல இருக்கிற கடற்கரை ஊர். அவருக்குப் பெங்களூர்ல ஐடி வேலை, அப்பா வள்ளத்துல போறவர். "வேலையை விட்டுட்டு கடல்தொழிலுக்கு ஒரு ஆப் பண்ணலாம்னு இருக்கேன் அண்ணே. ஆறு மாசத்துக்குக் காசு இருக்கு. விடலாமா?"

இந்த ஆறு மாசக் கணக்குதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. காசு எப்போ தீரும்னு அதுல இருக்கு. யார் கையில இருந்து திரும்ப வரும்னு இல்ல.

எல்லாரும் உதாரணம் காட்டுற ஆள் கிரிஷ் மாத்ருபூதம். ஜோஹோ வேலையை விட்டு 2010ல ஷான் கிருஷ்ணசாமியோட சேர்ந்து சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். 2021 செப்டம்பர்ல கம்பெனி நாஸ்டாக் வரைக்கும் போச்சு. இந்தக் கதையில நாம கவனிக்காம விடுறது ஒண்ணு உண்டு. வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள்தான் அவர் ஏற்கனவே பல வருஷம் வேலை பார்த்த துறை. 2010ல ஜென்டெஸ்க் விலையை ஏத்தினப்போ அதோட வாடிக்கையாளர்கள் கொந்தளிச்சாங்க. அதாவது காசு கொடுத்துட்டு இருந்தவங்க, கோபமா இருந்தவங்க, அவர் கண்ணு முன்னாடியே இருந்தாங்க. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவுல ஒரு பள்ளிக்கூடம். துணிச்சல் இருந்தது, சந்தேகமில்ல. ஆனா கண்ணை மூடிக்கிட்டு குதிச்சது இல்ல அது.

இப்போ நம்ம கடலுக்கு வருவோம். 2017 நவம்பர் 30, ஒக்கி. ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரல. அதைப் பார்த்த எந்தப் பையனுக்கும் 'இதுக்கு ஏதாவது செய்யணும்'னு தோணும். தோணணும். ஆனா அரசும் சும்மா இருக்கல. மீன் கிடைக்கும் இடங்களை ஹைதராபாத் இன்காய்ஸ் இலவசமா சொல்லுது. 2019ல ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு, சிக்னல் இல்லாத இடத்துலயும் செயற்கைக்கோள் வழியா செய்தி வரும், ஆனா ஒருவழி மட்டும். 2024 ஆகஸ்ட்ல இருவழிக் கருவி, ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமா கொடுக்கிற திட்டத்தையே தொடங்கிட்டாங்க. இலவசமா கிடைக்கிறதோட மோதி மாசச் சந்தா வாங்குறது லேசான காரியம் இல்ல.

சரி, 'எந்தக் கரையில என்ன விலை'ன்னு ஒரு ஆப்? கேட்க நல்லா இருக்கு. ஆனா முன்பணம் கொடுத்தவர் மூலமாத்தான் மீன் ஏலத்துக்குப் போகணும்னு ஏற்பாடு பல கரைகள்ல உண்டு. கொச்சியில விலை கூடன்னு போன் சொல்லும். அந்த மீனைக் கொச்சிக்கு அனுப்புற சுதந்திரம் வள்ளக்காரருக்கு இருக்கணுமே? இது கடன் பிரச்சினை, தகவல் பிரச்சினை இல்ல. மேற்குக் கரையில ஜூன், ஜூலை ரெண்டு மாசம் விசைப்படகுக்குத் தடைக்காலம் வேற. அப்போ சந்தா யார் கட்டுவா?

அப்போ காசு எங்க இருக்கு? ஏலக்காரரோட கணக்குப் புத்தகத்துல இருக்கலாம், ஐஸ் பிளாண்ட்ல, ஏற்றுமதி கம்பெனியில இருக்கலாம். இது என் ஊகம்தான். கரையில நின்னு கேட்டாத்தான் தெரியும். வேலையில இருக்கும்போதே வெள்ளி ராத்திரி ரயிலைப் பிடிங்க. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டாங்க, ஆளுங்க கரையில கிடைப்பாங்க. "நல்லாருக்கு மக்கா"ன்னு பாராட்டுறது விற்பனை ஆகாது. ஐநூறு ரூபா முன்பணம் எடுத்துக் கொடுத்தா, அது விற்பனை.

ஆனா ஆபீஸ் லேப்டாப்புல ஒரு வரி நிரல்கூட எழுதாதீங்க. உங்க வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக்கூடாதுங்கிற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவுப்படி பொதுவா செல்லாது. ரகசியத் தகவல், வேலையில இருக்கும்போது உருவாக்கினது யாருக்குச் சொந்தம்ங்கிற நிபந்தனைகள் வேற விஷயம், அதுல மாட்டிக்கலாம். ஃப்ரெஷ்டெஸ்க் நடத்தின ஃப்ரெஷ்வொர்க்ஸ் மேலயே ரகசியத் தகவல் சம்பந்தமா ஜோஹோ 2020ல அமெரிக்காவுல வழக்குப் போட்டு, அடுத்த வருஷம்தான் சமரசம் ஆச்சு.

சேர்ந்து நாலு வருஷம் தாண்டியிருந்தா, அஞ்சு முடியுற வரைக்கும் பொறுங்க, கிராஜுவிட்டி கிடைக்கும். ஸ்டார்ட்அப் டிஎன்னோட டான்சீட் திட்டத்துல 10 லட்சம் ரூபா, 3 சதவீதப் பங்குக்குத் தர்றாங்க. விண்ணப்பிக்கலாம், ஆனா அதை நம்பி ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.

கடைசியா, அப்பா அம்மா உங்க கம்பெனி இன்சூரன்ஸ்லதான் இருக்காங்களா? வேலையோட அதுவும் போயிடும். புதுசா எடுக்கிற பாலிசியில, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். அந்தப் பாலிசியை இந்த மாசமே எடுத்துடுங்க.