விற்ற ஓவியத்தில் வரைந்தவருக்குப் பங்கு உண்டா?

இத்தொடரின் சென்ற பகுதியில் கண்டபடி, ஓவியச் சந்தை இரண்டு அடுக்குகளால் ஆனது. ஓவியரின் பட்டறையிலிருந்து கலைக்கூடம் வழியாக ஒரு படைப்பு முதன்முறை விலைபோவது முதல்நிலைச் சந்தை; அதை வாங்கியவர் பின்னாளில் ஏலத்திலோ தரகர் மூலமோ பிறருக்கு விற்பது மறுவிற்பனைச் சந்தை. முதல்நிலையில் கிடைக்கும் தொகையைக் கலைக்கூடமும் ஓவியரும் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கின்றனர். மறுவிற்பனையிலோ, சட்டம் தலையிடாத இடங்களில், விற்பவரும் ஏல நிறுவனமும் பணம் பெற, வரைந்தவருக்கு எதுவும் சேர்வதில்லை. நாளிதழ்களை நிரப்பும் கோடிக்கணக்கான விலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் அடுக்கில் எழுபவை.

சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே ஓவியருக்குப் பங்கு கொடுத்த ஒரு முன்மாதிரி உண்டு. 1904இல் பாரிஸில் ஆந்த்ரே லெவல் என்பவரின் முயற்சியில் ‘கரடித் தோல்’ என்ற பெயரில் ஒரு கூட்டு நிதி தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் ஆண்டுக்கு 250 பிராங்க் வீதம் செலுத்தி, அப்போது பெயர் பெறாதிருந்த இளம் ஓவியர்களின் படைப்புகளை வாங்கிச் சேர்த்து, பத்தாண்டு கழித்து விற்பது என்பதே ஏற்பாடு. கரடியைக் கொல்லுமுன் அதன் தோலை விற்ற கதையிலிருந்து எடுத்த அந்தப் பெயரில், தங்கள் துணிச்சலைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் தொனி இருந்தது. 1914 மார்ச் 2 அன்று நடந்த ஏலத்தில், 1908இல் 1,000 பிராங்குக்கு வாங்கிய பிக்காசோவின் கழைக்கூத்தாடிக் குடும்ப ஓவியம் 11,500 பிராங்குக்குப் போனது. கிடைத்த இலாபத்தில் 20 விழுக்காட்டை நிதியினர் ஓவியர்களுக்குத் தாமாகவே பிரித்தளித்தனர். இன்றைய கலை முதலீட்டு நிதிகள் இந்த ஏலத்தைத் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொள்கின்றன. அந்த இருபது விழுக்காட்டை மட்டும் அவை மரபுரிமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு நேரெதிரான நிகழ்வு 1973 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் நடந்தது. டாக்சி நிறுவன உரிமையாளரான ராபர்ட் ஸ்கல், தம் சேகரிப்பிலிருந்து ஐம்பது படைப்புகளை ஏலத்தில் விட்டு 22 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டினார். அவற்றுள் ராபர்ட் ரௌஷன்பெர்கின் ‘தா’ என்ற ஓவியம், 1958இல் 900 டாலருக்கு வாங்கப்பட்டது, 85,000 டாலருக்கு விலைபோனது. ஏலம் முடிந்ததும் ரௌஷன்பெர்க், தாம் உழைத்தது இவருடைய இலாபத்துக்காகத்தானா என்று ஸ்கல்லை நேருக்கு நேர் கேட்டதும், இந்த விலை ஓவியரின் புதிய படைப்புகளின் விலையையும் உயர்த்தும் என்று அவர் மறுமொழி சொன்னதும் ஓர் ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளன.

ஸ்கல்லின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வீட்டின் விலை பத்து மடங்கானால் அதைக் கட்டிய கொத்தனார் வந்து பங்கு கேட்பதில்லை என்று சந்தையினர் கூறுவதும் வழக்கம். ஆனால் வீட்டின் விலை ஏறுவது மனையாலும் ஊரின் வளர்ச்சியாலும். 1958இல் வரைந்த ஓவியத்தின் விலை 1973இல் ஏறியிருந்ததற்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் அதே ஓவியர் தொடர்ந்து செய்த வேலையும், 1964இல் அவர் பெற்ற வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சிப் பெரும்பரிசு போன்ற அங்கீகாரங்களும் முதன்மைக் காரணங்கள். கொத்தனார் உவமை பொருந்தாமற்போவது இங்கேதான்.

இந்தக் கோரிக்கையைச் சட்டமாக்கிய முதல் நாடு பிரான்சு. அங்கு 1920இல் பிறந்த மறுவிற்பனைப் பங்குரிமை, 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நெறிமுறையாயிற்று. முதல் 50,000 யூரோவுக்கு 4 விழுக்காடு என்று தொடங்கும் பங்கு, விலை ஏற ஏறக் குறைந்து, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்குக் கால் விழுக்காடாகிறது. ஒரு விற்பனையில் எவ்வளவு பெரிய தொகை புரண்டாலும் ஓவியருக்கு 12,500 யூரோவுக்கு மேல் கிடையாது. பத்து இலட்சம் யூரோ ஓவியத்துக்கு 10,000 யூரோ கிடைக்கும். இரண்டு கோடி யூரோ ஓவியத்துக்கு அந்த 12,500 மட்டுமே. உச்சவரம்பு வைத்ததன் நோக்கம், இவ்வுரிமை இல்லாத நியூயார்க்குக்கும் ஜெனீவாவுக்கும் விற்பனைகள் ஓடிவிடாமல் தடுப்பது. மேலும் ‘கரடித் தோல்’ பங்கு இலாபத்தின்மீது கணக்கிடப்பட்டது. ஐரோப்பியப் பங்கு விற்பனை விலையின்மீது கணக்கிடப்படுவதால் நட்டத்துக்கு விற்றவரும் செலுத்தியாக வேண்டும். கலிபோர்னியா 1976இல் இயற்றிய 5 விழுக்காட்டுச் சட்டம், கூட்டாட்சிச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் ஏறத்தாழ முழுமையாகச் செயலிழந்தது.

இந்தியாவிலும் இவ்வுரிமை உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 53அ பிரிவு, மூல ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், படைத்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு என்கிறது. பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. எவ்வளவு என்பதைப் பதிப்புரிமை வாரியம் நிர்ணயிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாரியம் 2017இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துடன் இணைக்கப்பட்டது. அதுவும் 2021இல் கலைக்கப்பட்டு அதன் பணிகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. ஐரோப்பாவில் விற்பனை நடந்து மூன்றாண்டுவரை, விவரத்தைத் தருமாறு ஏல நிறுவனத்தையும் தரகரையும் கேட்க ஓவியருக்கு உரிமை உண்டு. 53அ பிரிவு பேசுவது பங்கு, உச்சவரம்பு, தகராறு ஆகியவற்றைப் பற்றி மட்டுமே. பூட்டிய அறையில் இரு சேகரிப்பாளர்களுக்கிடையே கைமாறிய ஓவியத்தைப் பற்றி வரைந்தவருக்கு யார் சொல்வது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.