நீர்க்கடுப்பு வெறும் சூடுதானா? தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

மும்பை தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதுக் கழிப்பிடம்தான். காலையில் வரிசை. இருட்டிய பிறகு பெண்கள் தனியாகப் போகத் தயங்குகிறார்கள். வேலைக்குச் செல்வோருக்கோ லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது.

"தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்" என்று பலரும் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். வந்தாலும் அடக்கிக் கொள்கிறார்கள். இது நீர்க்கடுப்புக்கு வழி செய்து கொடுக்கிறது.

சூடு அல்ல, கிருமி

சிறுநீர் எரிந்தால் எண்ணெய்க் குளியல், மோர், பார்லிக் கஞ்சி என்று வீட்டிலேயே பார்ப்பது நம் வழக்கம். நீராகாரம் நல்லதுதான். ஆனால் காரணம் பெரும்பாலும் கிருமி. குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி சிறுநீர்த் துவாரம் வழியாகப் பைக்குள் ஏறிவிடுகிறது. ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆகவே பெண்களுக்கே இது அதிகம்.

சிறுநீர் தாராளமாகப் போனால் கிருமியும் அடித்துச் செல்லப்படும். அடக்கினால் உள்ளேயே பெருகும்.

அறிகுறிகள்

எரிச்சல், அடிக்கடி அவசரம், போனால் சொட்டுச் சொட்டாக வருதல், அடிவயிற்று வலி, கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர். இதோடு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற முதுகு வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகள் சிறு எரிச்சலையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவம் நேரலாம். சர்க்கரை நோயாளிகளும் முதியோரும் தாமதிக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது

மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவது தவறு. எரிச்சல் அடங்கும், கிருமி முழுதும் சாகாது. அடுத்த முறை அந்த மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். மருந்துக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது நல்லது. முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். டாக்டர் சொன்ன நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுவது பாதுகாப்பு.

பொது இடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களிடம் மட்டும் காசு வாங்குவதா என்று கேட்டு 2011-ல் மும்பைப் பெண்கள் இயக்கமே தொடங்கினார்கள். வீதியில் இறங்கிக் கேட்டதை டாக்டரிடம் சொல்ல வெட்கம் எதற்கு?